கேட்க நீங்க யாரு?

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையோ, பிளாஸ்டிக் கவரோ இருக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக முத்திரைத்தாள்கள்... தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல். சில வீடுகளில் நகையைக்கூட அலமாரியில் அப்படியே போட்டு வைப்பார்கள். இந்தப் பையை மட்டும் யாரும் அலட்சியமாக வைப்பதில்லை.

அந்தப் பை பீரோவில் இல்லையா? அப்படியானால், அது வேறு யாருடைய பீரோவிலோ இருக்கிறது. அதாவது, வீடு அடமானத்தில் இருக்கிறது!

ஒரு கற்பனை செய்துகொள்வோம். சிவகாசிக்குப் பக்கத்தில் நீங்கள் சின்னதாக ஒரு பட்டாசு யூனிட் நடத்துகிறீர்கள். வீட்டுப் பத்திரத்தை ஒரு வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். மழை, தடை, சரக்குத் தேக்கம் என்று அடுத்தடுத்து இரண்டு தீபாவளி சரியில்லை. தவணை நின்றுபோகிறது. ஒருநாள் வாசலில் அறிமுகம் இல்லாத ஒருவர் வந்து நிற்கிறார். ‘‘உங்க கடனை எங்க கம்பெனி வாங்கிடுச்சு. 60 நாளைக்குள்ள கட்டிடுங்க. இல்லைன்னா வீட்டை எடுத்துக்குவோம்’’ என்கிறார்.

அந்த கம்பெனியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களிடம் நீங்கள் ஒரு ரூபாய் வாங்கியதும் இல்லை. அப்போது உங்கள் வாயிலிருந்து தானாக என்ன வரும்?

‘‘கேட்க நீங்க யாரு?’’

கடன் வாங்கியவர் இப்படிக் கேட்டால், ‘வாங்குனவனுக்கு வாயைப் பாரு!’ என்று ஊர் சொல்லும். ஆனால், சட்டத்தின் கண்ணில் இது வாய்க்கொழுப்பு அல்ல. அடமான வழக்குகளின் வரலாற்றில் மிகப் பழைய, மிகக் கூர்மையான கேள்வி இது. லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. டெல்லியில் ஒலித்திருக்கிறது. அமெரிக்காவில் பெரிய பெரிய வங்கிகளையே திணற அடித்திருக்கிறது. அந்தக் கேள்வியின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

*

விருதுநகர் அந்தக் காலத்தில் விருதுபட்டி. 1923-ல்தான் விருதுநகர் ஆனது. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டபோது, அது இந்த ஊர் வழியாகப் போனது. வத்தல், பருத்தி, எண்ணெய், தானியம் என்று ஊரே சந்தையாக மாறிப்போனது. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் எப்போதும் சந்தேகம்தான். அதனால், இந்தப் பக்கத்து மக்கள் வியாபாரத்தை நம்பினார்கள். வியாபாரம் என்றால் கடன் இல்லாமலா?

சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டைக்கு வரும் சரக்குக்கு ‘மகமை’ வசூலித்தார்கள். உறவின்முறை கூடி அந்தப் பணத்தை நிர்வகித்தது. கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால், அதையும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த உலகத்தில் ‘கேட்க நீங்க யாரு?’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. கடன் கொடுத்தவர் யார், அவர் அப்பா யார், எந்தக் கடை, எந்தத் தெரு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். முகமே பத்திரம். சொல்லே சாட்சி!

கடன் கொடுத்தவர் தூரத்தில் போகப் போகத்தான் இந்தக் கேள்விக்கு உயிர் வந்தது.

*

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அடமானம் என்ற ஒரே சொல்லுக்குள் பல ரகம் உண்டு. நிலத்தைக் கடன் கொடுத்தவர் வசம் விட்டு, அதன் மகசூலை வட்டிக்கு ஈடாக அவர் எடுத்துக்கொள்வது ஒரு ரகம். ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நிலம் நம்மிடமே இருக்க, பத்திரம் மட்டும் எழுதிக் கொடுப்பது இன்னொரு ரகம். மூன்றாவது ரகம்தான் பயங்கரமானது. ‘இன்ன தேதிக்குள் பணம் தராவிட்டால், இந்த அடமானமே கிரயம் ஆகிவிடும்’ என்று எழுதிக் கொடுப்பது!

பங்குனி முடிவதற்குள் கட்டவேண்டிய பணத்தை சித்திரை 2-ம் தேதி எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். ‘‘நேத்தே வந்திருக்கணும்’’ என்கிறார் கடன் கொடுத்தவர். நூறு ரூபாய் கடனுக்கு ஆயிரம் ரூபாய் நிலம் போச்சு. இது நியாயமா?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கெடு தாண்டினாலும் அசலும் வட்டியும் கொண்டுவந்தால், சொத்தை மீட்கும் உரிமை உண்டு என்று அங்கே நியாய நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. வங்காளத்தில் 1806-ல் போட்ட ஒரு ரெகுலேஷன், கடனாளிக்குக் கோர்ட் மூலம் ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது. சென்னை ராஜதானியில் அந்த மாதிரிப் பாதுகாப்பு இல்லை. 1858 வாக்கில் சென்னை சதர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, ‘கெடு தாண்டினாலும் மீட்கலாம்’ என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. கடனாளிகள் மூச்சு விட்டார்கள்.

ஆனால், வழக்கு லண்டனுக்குப் போனது. அப்போது நமக்கு உச்ச நீதிமன்றம் டவுனிங் தெருவில் உட்கார்ந்திருந்த பிரிவி கவுன்சில்தான். பட்டாபிராமையர் - வெங்கடராவ் நாயக்கன் வழக்கில், 1870-ல் அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? மீட்கும் உரிமை என்ற அந்தத் தத்துவம் இங்கிலாந்தின் சரக்கு. இந்தியாவின் பழைய சட்டத்துக்கு அது தெரியாது. ஒப்பந்தத்தில் எழுதியது எழுதியதுதான். தேதி தாண்டினால் நிலம் போய்விடும்!

1875-ல் தம்புசாமி முதலியார் - உசேன் ராவுத்தர் வழக்கில் அதே கேள்வி மறுபடியும் லண்டன் போனது. பிரிவி கவுன்சில் தன் பழைய தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால், கொஞ்சம் சங்கடப்பட்டது. 1858-க்குப் பிறகு சென்னை நீதிமன்றங்களை நம்பி அடமானம் எழுதியவர்கள் கதி என்ன என்று யோசித்தது. இதைச் சட்டசபைதான் சரிசெய்ய வேண்டும் என்று பந்தைத் தட்டிவிட்டது.

அந்தப் பந்து வந்து விழுந்த இடம்தான் 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். கடனாளிக்கு மீட்கும் உரிமை சட்டமாகவே எழுதப்பட்டது. ‘தேதி தாண்டிடுச்சு, நிலம் எனக்கு’ என்று கடன் கொடுத்தவர் தானாக முடிவுகட்ட முடியாது. கோர்ட்டுக்கு வரவேண்டும். வழக்குப் போடவேண்டும். தான் யார், தன்னிடம் என்ன பத்திரம், எவ்வளவு பாக்கி என்று நிரூபிக்க வேண்டும். ‘கேட்க நீங்க யாரு?’ என்ற கேள்வி இங்கேதான் சட்டப் புத்தகத்துக்குள் நுழைகிறது.

இதில் ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ‘கிரயமா எழுதிக் குடுங்க... பணத்தைத் திருப்பித் தந்ததும் நான் உங்களுக்கே திரும்ப எழுதித் தந்துடறேன்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக் கடன் கொடுப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. 1929-ல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது அடமானம் என்று கருதப்படும். தனித்தாளில் எழுதியதோ, வாயால் சொன்னதோ கணக்கில் வராது. 97 வயசை நெருங்கும் அந்தத் திருத்தம் தெரியாமல், நல்ல மனிதர் என்று நம்பிக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோர்ட் படி ஏறியவர்களின் கண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவது?

*

சரி, அந்த மஞ்சள் பைக்கு வருவோம்.

பத்திரத்தை எழுதவேண்டாம், பதிவு செய்யவேண்டாம். இருக்கிற தாய்ப்பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் கொடுத்தாலே அது அடமானம்தான். இது இங்கிலாந்து வழக்கம். சென்னையிலிருந்து போன வர்தன் சேத் சாம் வழக்கில், 1862-ல் பிரிவி கவுன்சில் இதை இந்தியாவிலும் ஏற்றுக்கொண்டது. இதற்கென்று இங்கே தனிச் சட்டம் எதுவும் இல்லாததால், நியாயமும் மனசாட்சியும்தான் வழிகாட்டி என்றது.

1882 சட்டம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. ஆனால், ஒரு கட்டுப்பாடு போட்டது. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், கராச்சி, ரங்கூன் ஆகிய நகரங்களுக்குள் வைத்துப் பத்திரத்தைக் கொடுத்தால்தான் செல்லும்! நிலம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கை மாறும் இடம் மட்டும் அந்த நகரமாக இருக்கவேண்டும்.

இதன் அர்த்தம் புரிகிறதா? விருதுபட்டிக்காரர் தன் ஊர்க் கடையின் பத்திரத்தை உள்ளூரில் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துக் கடன் வாங்கினால், அது அடமானமே ஆகாது. அதே பத்திரத்தை ரயிலில் எடுத்துக்கொண்டு போய் மெட்ராஸில் வைத்துக் கொடுத்தால், அடமானம்! வழக்கு வந்தால், ‘நூறு வருஷப் பரம்பரைச் சொத்து’ என்ற கதையெல்லாம் அப்புறம். ‘பத்திரம் எந்த ஊரில் வைத்துக் கை மாறியது?’ என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வி. அதற்குச் சாட்சி இல்லையென்றால், பத்திரம் கையில் இருந்தாலும் அடமானதாரர் என்ற அந்தஸ்து கிடையாது.

பின்னாளில் மாநில அரசுகள் ஊர் ஊராக அறிவித்து, இந்தப் பட்டியலை நீட்டின. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சுப்பாராவ் மூலம், விஷயத்தை மூன்று விரல்களில் எண்ணிக் காட்டியது. ஒன்று, கடன் இருக்கவேண்டும். இரண்டு, பத்திரம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று, இந்தக் கடனுக்கு இது ஈடு என்ற எண்ணம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது என்பதாலேயே அவர் அடமானதாரர் ஆகிவிட மாட்டார். பத்திரத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மாமாவிடம் கொடுத்தால், மாமா என்ன அடமானதாரரா?

*

1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1923-ல் தொழில் தொடங்கினார்கள். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதை சிவகாசி வழியாக வந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, பட்டாசு லேபிளுக்காக அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர் என்று தொழில் கிளை விட்டது.

இந்தத் தொழில்களுக்கு ஒரு குணம் உண்டு. பட்டாசு வருஷம் முழுக்கத் தயாராகும். ஆனால், விற்பது தீபாவளிக்கு! காலண்டர் தை மாதத்துக்குப் பிறகு வெறும் காகிதம். பணம் போடுவது ஒரு காலம், எடுப்பது ஒரு காலம். நடுவில் இருக்கும் மாதங்களைத் தாண்டக் கடன் என்ற பாலம் வேண்டும்.

உறவுக்குள் கொடுத்தது போதாதபோது வெளியாட்கள் வந்தார்கள். வெளியாட்கள் வந்ததும் பினாமியும் வந்தது. பணம் போட்டவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் இன்னொருவர். மைத்துனர் பெயர், மாமியார் பெயர், கணக்குப்பிள்ளை பெயர். இப்போது யார் வழக்குப் போடுவது? பணம் போட்டவரா... பெயர் இருப்பவரா?

இந்த முடிச்சும் லண்டன் வரை போனது. 1918-ல் குர் நாராயண் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது: பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் வழக்குப் போடலாம். உண்மையான சொந்தக்காரரின் பிரதிநிதியாக அவரைக் கருதலாம். பல பத்தாண்டுகள் இது நடந்தது. 1988-ல் பினாமி தடைச் சட்டம் வந்து, 2016-ல் அது இன்னும் இறுகி, அந்தக் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது.

கடன் கொடுத்தவர் இறந்துவிட்டால்? புரோநோட்டுக் கடன் என்றால், ‘நான்தான் மகன்’ என்று வந்து நின்றால் மட்டும் டிக்ரி கிடைக்காது. 1925-ன் வாரிசுரிமைச் சட்டப்படி, வாரிசுரிமைச் சான்று கொண்டுவர வேண்டும். காரணம் எளிது. மூத்த மகனிடம் கட்டிவிட்டு வந்தபிறகு, இளைய மகன் வந்து ‘எனக்கு எங்கே?’ என்று கேட்டால் கடனாளி என்ன செய்வார்? ‘கேட்க நீங்க யாரு?’ என்ற கேள்வி கடனாளியின் தந்திரம் அல்ல. ஒரே கடனை இரண்டு முறை கட்டாமல் இருப்பதற்கான கவசம்.

*

இந்தக் கேள்வி ஒருமுறை திசை மாறித் தாக்கியது. அது 1938.

அப்போது சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை சரிந்து, விவசாயிகள் வட்டியில் மூழ்கிக் கிடந்தார்கள். விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி மொத்தமும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், கடனே தீர்ந்தது!

கடன் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். ‘புரோநோட்டு பற்றிச் சட்டம் போட மாகாணத்துக்கு அதிகாரம் கிடையாது. அது மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது’ என்று டெல்லி ஃபெடரல் கோர்ட் வரை போனார்கள். சுப்பிரமணியன் செட்டியார் - முத்துசாமி கவுண்டன் வழக்கு. 1940-ல் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தரப்பின் பெரும்பான்மைத் தீர்ப்பில், கடன் கொடுத்தவர் தோற்றார். சட்டம் நிலைத்தது.

ஆனால், சலுகை விவசாயிக்கு மட்டும்தான். வருமான வரி கட்டும் வியாபாரிக்கு இல்லை. உடனே கடன் கொடுத்தவரின் வக்கீல் எழுந்து, எதிர்த்தரப்பைப் பார்த்துக் கேட்டார்: ‘‘சலுகை கேட்க நீங்க யாரு? விவசாயியா, வியாபாரியா?’’

கரிசல் காட்டில் நாலு ஏக்கர் பருத்தியும், சந்தையில் ஒரு கடையும் வைத்திருந்தவர் பாடு திண்டாட்டம்தான்!

*

சுதந்திரத்துக்குப் பிறகு வங்கிகள் வந்தன. மஞ்சள் பை வங்கி லாக்கருக்கு இடம் மாறியது. வங்கியும் கடனை வசூலிக்க, மற்றவர்களைப் போல சிவில் கோர்ட்டில்தான் வருஷக்கணக்கில் நிற்கவேண்டியிருந்தது. 1993-ல் கடன் வசூலுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்குச் சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை.

2002-ல் வந்தது ‘சர்ஃபேசி’ சட்டம். வங்கி வட்டாரத்தைத் தாண்டி யாருக்கும் முழுப் பெயர் தெரியாத இந்தச் சட்டம், 1882-ல் எழுதிய கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. 60 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். பணம் வரவில்லையா... சொத்தைக் கைப்பற்றலாம், விற்கலாம். ஆட்சேபனை இருக்கிறதா? கடனாளி 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய் அப்பீல் செய்துகொள்ளட்டும்!

அதாவது, முன்பு கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, ‘நான் இன்னார்’ என்று நிரூபித்தார். இப்போது கடன் வாங்கியவர் ஓடிப்போய், ‘அவர் யாருன்னு கேளுங்க சாமி’ என்று முறையிட வேண்டும்.

அதற்கும் ஒரு பூட்டு இருந்தது. அப்பீல் செய்யவேண்டுமானால், வங்கி கேட்கும் தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டவேண்டும்! கட்ட முடியாமல்தானே பிரச்னையே? முக்கால்வாசியைக் கட்ட முடிந்தவன் ஏன் அப்பீலுக்கு வரப்போகிறான்?

குஜராத்தைச் சேர்ந்த மார்டியா கெமிக்கல்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 2004 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு. சட்டம் செல்லும். ஆனால், அந்த 75 சதவிகிதப் பூட்டு செல்லாது. நீதிமன்றம் சொன்ன காரணம் முக்கியமானது. இதற்கு ‘அப்பீல்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆனால், இதற்கு முன்னால் எந்தக் கோர்ட்டும் கடனாளியின் பேச்சைக் கேட்கவில்லையே? அவர் வாய் திறப்பதே இங்கேதான். அப்படியென்றால், இது முதல் வழக்கு மாதிரிதான். முதல் வழக்குக்கு வரும் ஆளிடம் முக்கால் பங்கு பணத்தைக் கேட்பது அநியாயம்!

2004-ல் சட்டத்தைத் திருத்தியபோது, ‘அப்பீல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மனு’ என்று மாற்றினார்கள். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அரசியல் பாருங்கள்.

அடுத்த கேள்வி, நாம் ஆரம்பத்தில் பார்த்த கேள்வி. வங்கி தன் வாராக்கடனை இன்னொருவருக்கு விற்கலாமா? சொத்து மீட்பு நிறுவனங்கள் அப்படி வாங்குவதற்கு சர்ஃபேசி சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு விற்றால்? ‘முடியாது’ என்றது குஜராத் உயர் நீதிமன்றம். 2010 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கி வழக்கில், ‘தாராளமாக முடியும்’ என்றது உச்ச நீதிமன்றம். ஆக, கடனும் வத்தல் மூட்டை மாதிரி கை மாறலாம். ஆனால், மூட்டையோடு சீட்டும் வந்தாக வேண்டும்.

நம் பக்கத்துக்கு ரொம்பவும் வேண்டிய ஒரு விஷயம் இன்னொன்று உண்டு. சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின் மேல் பாயாது. ஒரு பட்டாசு ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா? வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதால், சின்னச் சின்ன அறைகள் தள்ளித்தள்ளி நிற்கும். நடுவில் எல்லாம் வெறும் காடு, வேப்பமரம், கருவேலம். பட்டாவில் ‘புஞ்சை’ என்று இருக்கும். இது விவசாய நிலமா, தொழில் நிலமா?

தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி வழக்கு ஒன்றில், 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வருவாய்த்துறைக் கணக்கில் விவசாய நிலம் என்று இருப்பது மட்டுமே முடிவான சாட்சி அல்ல. அடமானம் வைத்த நாளில் அந்த நிலம் உண்மையில் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்கவேண்டும். கடன் வாங்கும்போது ‘தொழில் இடம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஏலம் வரும்போது ‘விவசாய நிலம்’ என்று சொன்னால் கோர்ட் எளிதில் நம்பிவிடாது.

*

‘இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்கிற குளறுபடி. வெள்ளைக்காரன் ஊர்ல பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கும்’ என்று நினைக்கிறீர்களா? அப்படியே அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வருவோம்.

2000-களின் ஆரம்பத்தில், அங்கே வீட்டுக்கடன்களை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டி, பங்கு மாதிரி முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். ஒரு கடன் நாலைந்து கை மாறும். ஒவ்வொரு முறையும் எழுதவேண்டிய பத்திரத்தை எழுத யாருக்கும் நேரம் இல்லை. 2007-ல் குமிழி வெடித்தது. வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று, ஒஹையோ மாநிலத்தில் நீதிபதி கிறிஸ்டோபர் பாய்கோ, டாய்ச் வங்கி போட்ட 14 ஏல வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். வழக்குப் போட்ட நாளில் அந்தக் கடன்கள் தன்னுடையவை என்று வங்கி காட்டவில்லை என்பதே காரணம்.

இதைவிடச் சுவாரஸ்யம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் நடந்தது. 2007 ஜூலை 5 அன்று இரண்டு வீடுகளை இரண்டு பெரிய வங்கிகள் ஏலம் விட்டன. யூ.எஸ். வங்கி ஒன்றை, வெல்ஸ் ஃபார்கோ இன்னொன்றை. ஏலம் விட்டவர்களே ஏலத்தில் எடுத்தும்கொண்டார்கள். பிறகு, ‘இந்த வீடுகள் எங்களுடையவைதான் என்று சொல்லுங்கள்’ என்று அவர்களே கோர்ட்டுக்கும் போனார்கள். அங்கேதான் வம்பு!

நீதிபதி பத்திரங்களைப் புரட்டினார். யூ.எஸ். வங்கிக்கு அடமானம் எழுதிக் கொடுக்கப்பட்ட தேதி 2008 செப்டம்பர் 2. அதாவது, ஏலம் முடிந்து 14 மாதம் கழித்து! இன்னொரு வீட்டின் கதையும் அப்படியே. பத்து மாதம் கழித்து எழுதிவிட்டு, ‘முன்தேதியிலிருந்து செல்லும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 2011 ஜனவரி 7 அன்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது: ஏலம் விட்ட நாளில் அடமானம் உங்கள் கையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஏலம் செல்லாது.

இதற்கு நடுவில், 2010-ல் இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. வங்கிகளின் ஊழியர்கள் படிக்காமலே மாதத்துக்கு ஆயிரக்கணக்கான சத்தியப் பிரமாணங்களில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய வங்கிகள், 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன.

ஆனால், ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அந்த ஸ்பிரிங்ஃபீல்ட் தீர்ப்பு கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. ஏலத்தைத்தான் ரத்து செய்தது. கடன் கடன்தான். கேட்கவேண்டியவர் முறையாக வந்து கேட்கட்டும் என்பதுதான் தீர்ப்பு.

*

மறுபடி சிவகாசிக்கு வருவோம். உங்கள் வாசலில் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

சண்டை போடாதீர்கள். ஒளியவும் செய்யாதீர்கள். உட்காரச் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். என் கடன் உங்களுக்கு எந்தத் தேதியில், எந்த ஒப்பந்தப்படி வந்தது? நோட்டீஸில் பாக்கித்தொகைக் கணக்கும், சொத்து விவரமும் இருக்கிறதா? என் அசல் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் ஆட்சேபனையை எழுதிக் கொடுத்தால், அவர்கள் காரணத்தோடு பதில் தரவேண்டும். மார்டியா தீர்ப்புக்குப் பிறகு சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட உரிமை அது. சொத்தின் மேல் கை வைத்துவிட்டால், 45 நாள் என்பதை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்?

கடனை அடைத்த பிறகும் கதை முடிவதில்லை. ‘பத்திரம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு, அடுத்த வாரம் வாங்க’ என்று அலையவிட்ட காலம் ஒன்று இருந்தது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அந்த வருஷம் டிசம்பர் 1-லிருந்து அமல். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. தொலைத்துவிட்டால், சான்றிட்ட நகல் வாங்கித் தரும் செலவும் அவர்களுடையதே.

விருதுபட்டிப் பேட்டையில் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். மெட்ராஸுக்கு ரயில் ஏறியபோது பத்திரத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு, நம் முகத்தையும் பத்திரத்தையும் பார்த்தே இராத ஒருவர் நம் கடனுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடலாம். தூரம் கூடக் கூட, அந்தப் பழைய கேள்விக்கு மதிப்பும் கூடிக்கொண்டேதான் போகிறது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது மானம். யாரிடம் கொடுக்கிறோம் என்று கேட்டுக் கொடுப்பது அறிவு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதா என்ன?

இன்று ராத்திரி அந்த மஞ்சள் பையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இருக்கிறதா? நல்லது. இல்லையா? அது இப்போது யாருடைய பீரோவில் இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்!